பதினோராம் முனைக் கொடி

கடையில் மஞ்சள் மட்டும்தான் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே மர்டோ விடுதி அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தான். கையில் இரண்டு பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள். கோழிக்குஞ்சு மஞ்சள்.

நோரின் சீஸ் ரோல்களை வெள்ளித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறுபடி ரோல்களைச் சுற்றத் தொடங்கினாள்.

"நான் போட மாட்டேன்."

"வெளிய பாத்தியா? மழை மேலருந்து வரல, பக்கத்துலருந்து வருது."

"நனைஞ்சா காயும்."

"நோரின், இன்னிக்கு நீ கொடிக்காரி இல்ல. டிக்கெட் வாங்கிட்டுப் பாக்க வந்தவ."

"நான் டிக்கெட் வாங்கிட்டா ஓட்றவன் கண்ணு வேற ஆயிடுமா?"

மர்டோ ஒரு கோட்டைப் பிரித்துத் தான் மாட்டிக்கொண்டான். இன்னொன்றை நாற்காலி முதுகில் போட்டான். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்று அர்த்தம். வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயமே நிற்கும். அவர்கள் ஊரான இன்வர்கார்கிலின் கிளப்பில் அதனால் ஒரு பழக்கம். பாதையோரம் வருகிறவர்கள் மஞ்சளோ சிவப்போ உடுத்தக் கூடாது. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் கண்ணோரத்தில் ஒரு மஞ்சள் கோட்டு காற்றில் பறந்தால் அதுவும் கொடிதான். நோரின் பண்ணைக்காரர்களின் மனைவிமாரை நிறுத்திக் கோட்டைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறாள். ஒரு பாதிரியாரின் குடையைப் பிடுங்கி மடக்கியிருக்கிறாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் அலமாரியில் ஒரு மஞ்சள் சட்டைகூடச் சேரவில்லை.

அவள் கொடி பிடிக்க வந்தது எரிச்சலில். அப்போது மர்டோ பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டினான் என்பதைவிட விழுந்தான் என்பது பொருந்தும். சனிக்கிழமைதோறும் பிளாஸ்க்கோடு புல்லில் உட்கார்ந்து அவன் எப்போது விழுவான் என்று காத்திருப்பது அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் பதினோராம் முனைக்கு, பாதையின் பதினோராவது வளைவில் கொடி பிடிக்க, ஆள் வரவில்லை. யாரோ அவள் கையில் மூங்கில் கழியில் கட்டிய மஞ்சள் துணியைக் கொடுத்தார்கள். மர்டோ காறை எலும்பு இரண்டாம் முறை உடைந்தபோது நிறுத்திக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை.

வாரநாட்களில் கம்பளிக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. ஒரு கற்றையை விரலால் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இந்தத் தொட்டி, அந்தத் தொட்டி. யோசித்தால் தவறும். கை போகிற தொட்டிதான் சரியான தொட்டி. கொடியும் அப்படித்தான் என்று அவள் சொல்வாள். முனையில் இரண்டு பேர் முதுகோடு முதுகாக நிற்பார்கள். பெரில் வருகிற வண்டிகளைப் பார்ப்பாள். நோரின் போகிற வண்டிகளைப் பார்ப்பாள். ஏதாவது தப்பாக வந்தால் இழுப்பதற்காகப் பெரிலின் ஒரு கை நோரினின் இடுப்பு வாரைப் பிடித்திருக்கும். இப்படியே முப்பத்தோரு வருஷம் அவள் பார்த்ததெல்லாம் வண்டிகளின் பின்பக்கம். யார் ஜெயித்தது என்று மாலையில் மர்டோவிடம்தான் கேட்டுக்கொள்வாள்.

அதனால்தான் மர்டோ இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்தான். கடல் தாண்டி மூன்றரை மணி நேர விமானம், மெல்பர்னில் வாடகைக் கார், பிலிப் தீவு, உலகப் போட்டி. "ஒருதடவையாவது முகத்தைப் பாரு" என்றான்.

அவள் சம்மதித்ததன் காரணம் வேறு. அதை அவனிடம் சொல்லவில்லை.

போன மார்ச்சில், பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், தூறலில், அலிஸ்டர் என்ற கசாப்புக்கடைக்காரர் அவள் கண்ணெதிரில் வண்டியிலிருந்து விழுந்தார். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "நோரின், கொடி!" என்று பெரில் இடுப்பு வாரை உலுக்கிய பிறகுதான் கை எழுந்தது. அதற்குள் இரண்டு வண்டிகள் தாண்டிவிட்டன. ஒன்றின் சக்கரம் அலிஸ்டரின் தலைக்கவசத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூறல், கண்ணாடியில் நீர், யாராயிருந்தாலும் அப்படித்தான் என்றார்கள். மறுநாள் அலிஸ்டரே ஒரு பொட்டலம் சாசேஜோடு வீட்டுக்கு வந்து, மனசில் வெச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவளால் சாப்பிட முடியவில்லை. கண் டாக்டர் வயதுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது என்றார்.

கிளப் தலைவன் கோலின் புதுப் பருவத்துக்கான படிவத்தை அனுப்பியிருந்தான். செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு முனையிலும் ஆள் இருந்தால்தான் பந்தயம் நடத்த அனுமதி. ஏற்கெனவே ஆள் தட்டுப்பாடு. அதனால் அவளிடம் யாரும் உண்மை சொல்லப்போவதில்லை. அவளே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். படிவம் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு இருந்தது.

பந்தயத் திடலில், பார்வையாளர் மேட்டுக்கு ஏறியதும் நோரின் நின்றுவிட்டாள். புல்மேடு முழுக்க மஞ்சள், ஆஸ்திரேலியக்காரர்களின் நிறம். மஞ்சள் தொப்பி, மஞ்சள் கொடி, மஞ்சள் குடை, மஞ்சள் சாயம் பூசிய குழந்தைகள். ஆயிரக்கணக்கில்.

"சாம்பல் கோட்டுல நீ ஒருத்திதான்" என்றான் மர்டோ. "இப்போ நீதான் தனியாத் தெரியறே."

"இதுல கொடி எப்படிடா தெரியும் அவங்களுக்கு?"

"விளக்கு இருக்கும்மா, விளக்கு" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். தலையிலிருந்து கால்வரை மஞ்சள் போட்ட ஒரு கனத்த மனிதன், மடக்கு நாற்காலியில், காதில் ரேடியோவோடு. "முனைக்கு முனை பலகை வெச்சு மின்னுது. கொடியும் உண்டு. என் பேரு டாரில். பாலரட்ல குழாய் வேலை. நீங்க எந்தப் பக்கம்?"

மர்டோ சொன்னான்.

"அடடா, நியூசிலாந்து. ஆட்டையெல்லாம் யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"உங்க ஆளுங்ககிட்டதான். அவங்களுக்குத்தான் பந்தைக் கீழ உருட்டி விடறது நல்லா வரும்."

டாரில் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கிரிக்கெட்ல எங்காளு கடைசிப் பந்தை உருட்டி விட்டு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஒரு பந்தை விட மாட்டீங்களா?"

"எங்க நாட்டுல பொறக்கற குழந்தைக்கு அதைச் சொல்லித்தான் பேரே வெக்கறோம்."

டாரில் நாற்காலியை நகர்த்தித் தார்ப்பாயில் இடம் கொடுத்தான். நோரின் உட்கார்ந்தாள். கீழே, கொண்டை ஊசிபோல மடங்கும் ஊசிவளைவு. அதன் இரு பக்கமும் வெள்ளை உடையில் கொடிக்காரர்கள். கொஞ்சம் தள்ளி, கடலோரத்தில், சைபீரியா என்று பெயர் வைத்த வளைவு. அதற்கப்பால் கடலும் மழையும் ஒரே நிறத்தில் கிடந்தன.

அவள் வலது கையைத் தொடை மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். ஒருவன் விழுந்தால் கை எழ வேண்டும். கீழே கொடி ஆடுவதற்கு முன் எழுந்தால் சரி. விளக்குப் பலகையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் சின்ன வண்டிகளின் பந்தயம். தேனீக் கூட்டம்போல இரைந்துகொண்டு வந்தன. மூன்றாம் சுற்றில் ஊசிவளைவில் ஒருவன் சறுக்கினான். அவள் கை மேலே போயிருந்தது. கொடி அதற்குப் பின்புதான் ஆடியது. ஆறாம் சுற்றில் இன்னொருவன். அப்போதும் கைதான் முந்தியது.

"கொசுவா?" என்றான் மர்டோ.

"ஆமா."

"இந்தக் குளிர்லயா?"

அவள் ஒரு சீஸ் ரோலை எடுத்துக் கடித்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டில் இவ்வளவு ருசி இருந்ததில்லை. டாரிலுக்கும் ஒன்று கொடுத்தாள்.

"இதென்ன, வெறும் ரொட்டியைச் சுருட்டி உள்ள சீஸ் வெச்சிருக்கீங்க."

"வெறும் ரொட்டின்னா திருப்பிக் குடு" என்றான் மர்டோ.

"கடிச்சாச்சு நண்பா. இனி என்னுது."

பெரிய வண்டிகள் வரும் நேரத்துக்கு மழை வலுத்தது. தொடக்கத்தை இருபது நிமிஷம் தள்ளிப் போட்டார்கள். நோரினின் சாம்பல் கோட்டின் தோள் தையல்கள் ஊறி, நீர் முழங்கை வழியாக இறங்கியது. மர்டோ தன் மஞ்சளின் ஒரு பக்கத்தைப் பிரித்து அவள் தோளுக்குக் கொண்டுவந்தான். அவள் ஒதுங்கினாள்.

பந்தயம் ஆரம்பித்தது. ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு நீர்ச்சுவர். முதலில் போகிறவனுக்கு மட்டும்தான் பாதை தெரியும். அவள் முகங்களைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் கண் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் போய்க்கொண்டிருந்தது. டாரிலின் ஆள் மூன்றாவதாகப் போனான்.

ஒன்பதாம் சுற்றில் மேடு முழுவதும் ஓவென்று எழுந்தது. நோரின் சைபீரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கொடி ஆடுவதைக் கண்டாள். அதன் பிறகே சரளையில் உருண்டு நின்ற வண்டியைக் கண்டாள். கை தொடை மேல் இருந்தது.

தூரம், என்று சொல்லிக்கொண்டாள். நீர்ச்சுவர் வேறு. பதினோராம் முனையில் விழுகிறவன் அறுபது மீட்டரில் விழுவான். இது ஐந்நூறு. இதை வைத்து முடிவு செய்வது நியாயமில்லை.

எழுந்தாள்.

"எங்க?" என்றான் மர்டோ.

"கீழ. வேலிகிட்ட."

"டாய்லெட் அந்தப் பக்கம்."

"அதுக்கில்ல."

சேற்றில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கினாள். ஊசிவளைவின் வெளிப்பக்கம் வேலிக்கம்பியோடு ஒட்டி நின்றாள். இங்கிருந்து கொடிக்காரர்கள் கிட்டத்தில் தெரிந்தார்கள். ஒரு பெண்ணும் ஒரு ஆளும், முதுகோடு முதுகாக. தூரம் ஏறக்குறைய ஊரில் பதினோராம் முனையில் உள்ளதுதான். கோணமும் அதுவே. இதற்கு மேல் சாக்கு இல்லை. வலது கையைக் கம்பி மேல் தளர்வாக வைத்துக்கொண்டாள்.

நான்கு சுற்று ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில், ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தவன் பிரேக்கைப் பிடித்த இடத்தில் முன்சக்கரம் மடங்கியது. வண்டி ஒரு பக்கம் போனது. அவன் முதுகில் சறுக்கிக்கொண்டு நேரே அவளை நோக்கி வந்தான். சரளையில் ஒருமுறை புரண்டான். முழங்காலில் எழுந்தான். தலைக்கவசத்தின் கண்ணாடியில் சேறு. கையுறையால் அதைத் துடைக்கப் பார்த்தான். கையுறையிலும் சேறு. இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டது. மறுபடி துடைத்தான்.

பாவம், என்று நினைத்தாள் நோரின். வீட்டில் இவனுக்காக யாரோ டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு கண்ணோரத்தில் மஞ்சள் ஆடுவதை உணர்ந்தாள். அது வெகுநேரமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தோளிலிருந்து முழுக் கையையும் வீசி ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த வண்டிகள் வேகம் குறைத்து ஒவ்வொன்றாகக் கடந்தன. விழுந்தவன் எழுந்து தன் வண்டியைப் போய்ப் பார்த்தான். அதை ஒரு உதை உதைத்துவிட்டு வேலிப்பக்கம் நடந்தான். அவனுக்கு ஒன்றுமில்லை.

நோரின் தன் கையைப் பார்த்தாள். அது கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

அவளுக்குக் கண்ணில் குறை இல்லை. கையிலும் இல்லை. அவனுடைய கையுறைச் சேறுவரை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் முதலில் கொடி போகும். அது ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் விழுந்தவன் யார், அடிபட்டதா, அவன் பெண்டாட்டி எங்கே நிற்கிறாள் என்பதெல்லாம் வரும். இப்போது அவை முந்திக்கொள்கின்றன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. மர்டோ விழுந்த நாட்களில்கூட அப்படி நடந்ததில்லை.

இன்னும் இரண்டு சுற்று அங்கேயே நின்றாள். பிறகு மேட்டில் ஏறினாள். ஏறுவது இறங்கியதைவிடச் சுலபமாக இருந்தது.

மர்டோ நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்காரவில்லை.

"மார்ச்சுல அலிஸ்டர் விழுந்தப்போ என் கொடி லேட்டு."

"மழை..."

"மழை இல்ல. பாத்துட்டே நின்னேன். பெரில் உலுக்கினா. இப்போ கீழயும் அதேதான். நான் பாத்துட்டே இருக்கேன், அந்தப் பொண்ணு வீசி முடிச்சுட்டா."

மர்டோ கையிலிருந்த குவளையைப் புல்லில் வைத்தான். அது சாய்ந்தது. நிமிர்த்தினான்.

"அதைப் பாக்கத்தான் வந்தியா?"

"ஆமா."

"நான் ஏதோ உனக்கு ஆசைன்னு நினைச்சேன்."

"ஆசையும் இருந்தது."

"எட்டு மாசமா சொல்லல நீ."

"சொன்னா நீ மழைன்னு சொல்லுவே."

டாரில் ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது தெரிந்தது.

"கோலின்கிட்ட யார் சொல்றது?" என்றான் மர்டோ கடைசியில். "ஊருக்குப் போய் நான் வேணா..."

அவள் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்திருந்தாள். ஈர விரலுக்கு அது மூன்று முறை இணங்கவில்லை. நான்காம் முறை மணி போனது. அங்கே மாலை ஐந்தரை. கோலின் மாட்டுக்கொட்டகையில் இருப்பான். எடுத்ததும் பால் கறக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"நோரின்! யாரு முன்னாடி போறான்?"

"கவனிக்கல. கோலின், படிவத்துல நான் கையெழுத்துப் போடல."

"ஏன், பேனா இல்லையா அங்க?"

"மார்ச்சுல நான் லேட்டு. உனக்குத் தெரியும். இன்னிக்கும் லேட்டு."

"இன்னிக்கு நீ கொடியே பிடிக்கலியே."

"பிடிச்சிருந்தா லேட்டு."

"ஏய், காலை எடு. எடுறீன்னா!" என்றான் கோலின். "உனக்கில்ல. இங்க ஒருத்தி உதைக்கறா. என்ன, கண்ணுல ஏதாவதா?"

"கண்ணு நல்லா இருக்கு. ஒருத்தன் விழுந்தான். பாவமா இருந்தது. அப்புறம்தான் கொடி ஞாபகம் வந்தது."

"எல்லாருக்கும்தான் பாவமா இருக்கும்."

"எனக்கு அது எப்பவும் அப்புறமாத்தான் வரும் கோலின். இப்போ முதல்ல வருது."

இயந்திரம் இரைந்தது. தலைவர்களுக்குரிய தந்திரத்தோடு அவன் குரலை இறக்கினான். "இத பாரு. இன்னும் ஆறு வாரம். பதினொண்ணாம் முனைக்கு இப்போ எவனைப் போய்ப் பிடிப்பேன்? ஒரே ஒரு பருவம். அதுக்குள்ள யாரையாவது பாத்துக்கலாம். பெரில்தான் பக்கத்துல இருக்காளே, அவ உலுக்குவா."

அதையும் அவள் யோசித்திருந்தாள். மார்ச்சிலிருந்து பல இரவுகள் அதைத்தான் யோசித்தாள். பெரில் உலுக்குவாள். அதற்குள் இரண்டு வண்டி போயிருக்கும்.

"ஆள் தேடு" என்றாள்.

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா ரேஸ் நடத்தாத."

கொட்டகையில் ஒரு மாடு கத்தியது.

"அதை நீ சொல்றியா" என்றான்.

"நான்தான் சொல்றேன்."

"பேர் பதியற மேசைக்காவது வா."

"அதை ஊருக்கு வந்து பேசலாம். மாட்டைப் பாரு."

தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். பைக்குள் படிவம் ஓரத்தில் நனைந்திருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. இப்போதுதான் குளிர் தெரிந்தது. மர்டோ பக்கத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்தாள். அவன் பிளாஸ்க்கைச் சரித்துக் கடைசித் தேநீரை ஊற்றிக் கொடுத்தான்.

"எத்தனை சுத்து இருக்கு?" என்று டாரிலைக் கேட்டாள்.

"அஞ்சு. நம்மாளு ரெண்டாவது. முன்னாடி போறவன் டயர் தேஞ்சுடுச்சாம், ரேடியோவுல சொல்றான்."

அவள் பார்த்தாள். கண் தானாகக் கொடிக்காரர்களிடம் போனது. இழுத்து வண்டிகள் பக்கம் கொண்டுவந்தாள். மறுபடி போனது. மறுபடி இழுத்தாள். வண்டிகள் எதிரே இருந்த இன்னொரு மேட்டின் மறுபக்கத்திலிருந்து ஏறி, உச்சியில் ஒரு கணம் தெரிந்து, சரிந்து இறங்கின. அவை தன்னை நோக்கி வருவதை அவள் முதல்முறையாகக் கவனித்தாள். முகங்கள் தெரியவில்லை. தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்தது.

அடுத்த சுற்றில், முன்னால் போனவனின் பின்சக்கரம் வெளியே வழுக்கியது. வண்டி குறுக்கே திரும்பி, நிமிர்ந்து, மறுபடி குறுக்கே திரும்பியது. மேடு மூச்சைப் பிடித்தது. அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தள்ளி நேராக்கினான்.

"பிடி! பிடிடா! விடாத!"

அது தன் குரல் என்று நோரினுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. தேநீர் மடியில் கொட்டியிருந்தது. சூடு நன்றாக இருந்தது.

டாரில் நாற்காலியோடு திரும்பினான். "அம்மா, அவன் நம்ம எதிரி! அவன் விழுந்தாத்தான் நம்மாளு முதல்ல வருவான்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கத்தறீங்க?"

"முப்பத்தோரு வருஷம் பாதையோரம் நின்னிருக்கேன். கொடிக்காரங்க யாருக்கும் கத்தக் கூடாது. இனிமே நான் எவனுக்கு வேணா கத்துவேன்."

"மர்டோ, உன் வீட்டம்மாவுக்கு ஒரு மஞ்சள் தொப்பி வாங்கிக் குடு நண்பா. எந்தப் பக்கம்னு அப்பவாவது தெரியட்டும்."

"நீயே குடுத்துப் பாரு" என்றான் மர்டோ. "நான் காலையில வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

நோரின் காலிக் குவளையை அவனிடம் நீட்டிவிட்டுக் கழுத்தை எக்கினாள். அவர்கள் மறுபடி ஏறி வரும் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று சுற்று இருந்தது.